ஒழிக்கப்பட்ட பதவியின் முத்திரை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. முப்பத்து நான்கு வருடம் "உமது கடிதம் கிடைக்கப்பெற்றது" என்று தொடங்கியே பழகிய கை இது. இன்று வேறு மாதிரித் தொடங்குகிறது. அந்த மாற்றத்துக்குக் காரணமான விடயத்தைத்தான், அன்பான சகோதர சகோதரிகளே, உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

சென்ற வருடம் மே மாதம் இரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை, என் மருமகன் நவ்ஷாத்தின் வேலை போனது.

நான் நிந்தவூரில் இருக்கிறேன். ஓய்வு பெறும்வரை தொழிலாளர் முறைப்பாடுகளை ஏற்கும் அரச அலுவலகம் ஒன்றில் உத்தியோகம் பார்த்தேன். மனைவி கண்மூடி மௌத்தாகி நான்கு வருடம். எங்கள் வழக்கப்படி மகள் ஸுஹைராவுக்குக் கொடுத்த வீட்டில் மருமகன் வந்து வாழ்கிறார். அதே வீட்டின் பின்னறையில் நான். மாமனும் மருமகனும் நேருக்கு நேர் அதிகம் கதைப்பதில்லை. மரியாதை. எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் மகளிடம் சொல்வார். மகள் என்னிடம் சொல்வாள். அரசாங்கத்தில் இதை "உரிய வழியாக" என்போம்.

அன்றும் மகள்தான் வந்தாள்.

"வாப்பா, அவருட வேல போயிட்டாம்."

"எங்க போனதாம்? வேலைக்குக் கால் இரிக்கா?"

"பகிடி உடாதீங்க வாப்பா. கடுதாசி குடுத்திரிக்காங்க."

கடுதாசியை வாங்கிப் பார்த்தேன். ஒரே ஒரு தாள். நவ்ஷாத் ஓர் அரிசி ஆலையில் பதினொரு வருடமாகக் களஞ்சியப் பொறுப்பாளர். நெல் லொறி வந்தால் நிறுத்து, துண்டு எழுதி, முத்திரை குத்தி உள்ளே அனுப்புகிறவர். ஆலைக்குக் கணினித் தராசு வந்துவிட்டதாம். ஆகவே களஞ்சியப் பொறுப்பாளர் பதவி இன்றோடு ஒழிக்கப்படுகிறதாம். சேவைக்கு நன்றியாம்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. அந்த ஆலையில் நாற்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். பதினைந்து பேருக்குக் குறையாத ஓர் இடத்தில், நூற்றெண்பது நாளுக்குக் குறையாமல் வேலை செய்த ஒருவரை, ஒழுக்கக் குற்றம் இல்லாமல் நிறுத்துவதென்றால் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, அவர் தன் கைப்பட முன்கூட்டியே எழுதித் தரும் சம்மதம். அல்லது தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி. தராசு வாங்கியது மூன்றாவது வழி அல்ல.

"சம்மதம் எண்டு எதிலயும் கையொப்பம் வெச்சாரா எண்டு கேளு."

நவ்ஷாத் எட்டு அடி தள்ளி முன்னறையில்தான் இருந்தார். மகள் போய்க் கேட்டு வந்தாள்.

"இல்லயாம்."

"அப்ப விசயம் லேசு. முறைப்பாடு எழுதுறன். ஆறு மாசம் கால அவகாசம் இரிக்கி. நமக்கு ஆறு நாள் காணும்."

மகள் மறுபடி போய் வந்தாள். இந்த முறை கொஞ்சம் நேரமெடுத்தது.

"முறைப்பாடு வேணாமாம் வாப்பா. அவர் பொருந்திட்டாராம்."

விடயம் இதுதான். ஆலை முதலாளி அந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போகிறார். ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லுவதும், தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ள, அதாவது மன்னித்துவிடச் சொல்லிக் கேட்பதும் நமது வழக்கம். முதலாளி அன்று ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஆலையிலேயே எல்லோருக்கும் பகல் சாப்பாடு கொடுத்திருக்கிறார். நவ்ஷாத் இருந்த சஹனிலேயே தானும் வந்து உட்கார்ந்து, பலர் சேர்ந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டில் கை வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். சாப்பிடும்போது தோளில் தட்டி, "நவ்ஷாத், தராசு வந்ததால ஒங்கட வேலைக்கு இனி இஞ்ச இடமில்லாமப் போச்சு. மனசில ஒண்டும் வெக்காதீங்க. பொருந்திக்கங்க" என்றாராம். சுற்றி நாற்பது பேர். மருமகன் பிள்ளை, வாயில் சோறு, "பொருந்திட்டன் முதலாளி" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் கடுதாசி கைக்கு வந்தது.

"வாயால சொன்னது சட்டத்துக்குச் செல்லாது எண்டு சொல்லு" என்றேன்.

இந்த முறை மகள் திரும்பி வரவில்லை. முன்னறையிலிருந்து அவர் குரலே நேராகக் கேட்டது, ஆனால் மகளைப் பார்த்துத்தான் சொன்னார்:

"அல்லாஹ்ட்டச் செல்லுமே எண்டு வாப்பாக்குச் சொல்லுங்க."

அதற்குச் சட்டப் புத்தகத்தில் பிரிவும் இல்லை, உபபிரிவும் இல்லை.

மாதங்கள் போயின. முதலாளி மக்காவுக்குப் போய் ஹாஜியாராக வந்தார். நவ்ஷாத் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நாள் கூலிக்கு நின்றார். அந்த ஆலை இருக்கும் ரோட்டால் போவதையே விட்டுவிட்டார். நான் முறைப்பாட்டை மூன்று பிரதியாக எழுதி, கையொப்பமிடும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டு, பேனையோடு மேசையில் வைத்தேன். மறுநாள் பேனை அதன் கூட்டில் இருந்தது. தாள்கள் என் மூக்குக்கண்ணாடிக்குக் கீழே ஒழுங்காக அடுக்கியிருந்தன. புள்ளடி அப்படியே இருந்தது. தொழிலாளி கையொப்பமிடாத முறைப்பாடு வெறும் கடுதாசி. அது என்னைவிட யாருக்குத் தெரியும்?

செப்டெம்பரில் மகள் வந்து கதவோரம் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். இவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். பிள்ளை இல்லாமல் இருந்து, அல்லாஹ்வின் அருளால் அப்போதுதான் வயிற்றில் ஐந்து மாதம்.

"கட்டார்ல ஒரு ஸ்டோர் வேல சரி வந்திரிக்காம் வாப்பா. மெடிக்கலும் பாஸாம். நவம்பர் கடைசியில ஃபிளைட். ரெண்டு வருசம்."

"நல்லதுதானே" என்றேன். வாய் சொன்னது.

"நல்லதா? ஒம்பது வருசம் கேட்டுக் கேட்டுக் கிடச்ச புள்ள. பொறந்தா காதுல பாங்கு சொல்றதுக்குப் புள்ளட வாப்பா இரிக்க மாட்டார். நீங்கதான் சொல்லணும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஐந்து நேரத் தொழுகையை நான் தவறவிட்டவன் இல்லை. கந்தோரில் வரவுப் பதிவேட்டில் கையொப்பமிடுவது போல நேரத்துக்குத் தொழுதேன். துஆவும் கேட்பேன். சுருக்கமாக, தலைப்போடு, நல்ல ஒழுங்கில். ஒரு விடயத்தை நடத்தி முடிக்க வழி எனக்குத் தெரியும், அல்லாஹ் மேலொப்பம் வைத்தால் போதும் என்பது போலத்தான் என் துஆ இருந்தது. வழியே இல்லாமல் நான் அவனிடம் கை ஏந்தியதில்லை.

ஒக்டோபர் மூன்றாம் கிழமை. அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு பள்ளியில் தூணோடு சாய்ந்து இருந்தேன். நவம்பர் இரண்டாம் திகதியோடு ஆறு மாதம் முடிகிறது. அது ஞாயிற்றுக்கிழமை. ஆகவே கடைசி வேலைநாள் ஒக்டோபர் முப்பத்தொன்று. இதையெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டே கை உயர்த்தினேன். ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு வந்தது இவ்வளவுதான்:

"யா அல்லாஹ், எனக்கு ஏலா. எனக்குத் தெரிஞ்சது ஒண்டும் உதவல்ல. நீதான் வழியக் காட்டணும்."

அறுபத்தெட்டு வயதில் நான் கேட்ட முதல் துஆ அது என்று சொன்னாலும் பிழையில்லை.

உடனே ஒரு முகம் மனதில் வந்தது. பாலமுனை உதுமாலெப்பை. தலைப்புக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று தள்ளிவிட்டு மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே முகம். அடுத்த நாள் அஸருக்குப் பிறகும் அவர்தான்.

அவர் கதை இது. பதினாறு வருடத்துக்கு முன் ஒரு தனியார் களஞ்சியத்தில் லொறி ஓடினார். லொறியை விற்றுவிட்டோம், சாரதி தேவையில்லை என்று அவரை நிறுத்தினார்கள். இரண்டு கிழமையில் வேறு லொறி வந்தது. வேறு சாரதியும் வந்தார். உதுமாலெப்பை எழுதப் படிக்கக் கஷ்டப்படுகிறவர். யார் யாரிடமோ கேட்டு, ஆறு மாதம் முடிகிற கடைசி வேலைநாளில் என் மேசைக்கு வந்து சேர்ந்தார். அது ஒரு வெள்ளிக்கிழமை. நேரம் பதினொன்று. நியமனக் கடிதத்தின் போட்டோக் கொப்பி ஒன்று குறைந்தது. "கொப்பியோட திங்கக்கிழம வாங்க, எனக்கு ஜும்ஆவுக்கு நேரமாகுது" என்று அனுப்பினேன். திங்கட்கிழமை கொப்பியோடு வந்தார். "காலம் கடந்தது" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். நடைமுறைப்படி நான் செய்தது சரி. அந்த வெள்ளிக்கிழமை முதல் வரிசையில்தான் தொழுதேன்.

ஓய்வு பெற்ற மறுவருடம் நானும் ஹஜ்ஜுக்குப் போனேன். நானும் பயணம் சொன்னேன். தெரிந்தோ தெரியாமலோ செய்ததைப் பொருந்திக்கொள்ளச் சொல்லி நூறு வீட்டில் கேட்டேன். எல்லோரும் பொருந்தினார்கள், ஏனென்றால் அவர்களில் யாருக்கும் நான் ஒரு கெடுதியும் செய்திருக்கவில்லை. கெடுதி செய்த ஆளிடம் போகவில்லை. பாலமுனை தூரம் என்று நினைத்தேன். நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம்கூட இல்லை.

முகம் வந்த பிறகும் ஒரு கிழமைக்கு மேல் போகாமல் இருந்தேன். வெட்கம். இருபத்தொன்பதாம் திகதி, புதன்கிழமை காலையில், அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறிப் பாலமுனையில் இறங்கினேன்.

உதுமாலெப்பை வீட்டு முன்னால் லொறி கழுவிக்கொண்டிருந்தார். இப்போது சொந்த லொறி. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"சேர்! பாத மாறி வந்துட்டீங்களா? கந்தோர் இஞ்ச இல்லயே."

"ஒங்களப் பாக்கத்தான் வந்த."

"முறைப்பாடு ஏதுமா? இண்டைக்கு வெள்ளிக்கிழம இல்லயே சேர், மூடிட்டுப் போறத்துக்கு."

அந்தச் சொல்லுக்கு நான் தகுதியானவன். நின்றபடியே சொன்னேன். "அண்டைக்கு ஒங்கட முறைப்பாட்ட நான் எடுத்திருக்கலாம். கொப்பி ஒரு சாட்டு. பொறவும் தந்திருக்கலாம். ஜும்ஆவும் சாட்டுத்தான், இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல கிடந்திச்சு. எனக்கு அண்டைக்குச் சோம்பல். திங்கக்கிழம காலம் போயிரும் எண்டு தெரிஞ்சுதான் அனுப்பின. அதுக்குத்தான் பொருத்தம் கேட்டு வந்திரிக்கன்."

வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை.

"பதினாறு வருசம் சேர்."

"ஓம்."

"உடன பொருந்த ஏலா. பொய் சொல்லக் கூடாதெல்லா?" என்றார். பிறகு குழாயை மூடினார். "இரிங்க. தேத்தண்ணி குடிப்பம்."

தேத்தண்ணீர் வந்தது. குடிக்கும்போது, இவ்வளவு காலம் இல்லாமல் இப்போது என்ன வந்தது என்று கேட்டார். மருமகனின் கதையை, ஆலை, தராசு, சஹன், பொருத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு எந்த ஆலை என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கத் தொடங்கினார்.

"ஒழிஞ்ச பதவியா? அந்தப் பதவி நேத்தும் எனக்கு நெல்லு நிறுத்துதே சேர்!"

லொறிக்குள் ஏறி, கண்ணாடிக்கு மேலே செருகியிருந்த துண்டுகளை எடுத்து வந்தார். நிறுவைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஊதா மையில் வட்ட முத்திரை. "களஞ்சியப் பொறுப்பாளர்." மேலே, நான் அறியாத ஒரு கையொப்பம்.

"ஹாஜியார்ர மச்சினன்ட மகன். ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்ச கிழமயில இருந்து அந்தக் கதிரையில. கதவுல என்னவோ புதுப் பேர் எழுதியிரிக்கி, இணைப்பாளராம். ஆனா லொறிக்காரனுகள் நாங்க அந்த முத்திர இல்லாத துண்ட எடுக்க மாட்டம் எண்டுட்டம். பொறவு பழைய முத்திரயத் தேடி எடுத்துக் குத்துறானுகள்."

"இத ஆரும் எங்கட மருமகனுக்குச் சொல்லல்லயே."

"ஹாஜியார எதிர்த்து ஆரு சேர் வாயத் திறக்கிற? புதுசா ஹஜ் செய்த மனுசன்."

நேற்றைய திகதியிட்ட துண்டு ஒன்றை உருவி என் கையில் வைத்தார். "எனக்கு ரெண்டு கொப்பி தருவானுகள். இது ஒங்களுக்கு. இந்தத் தரம் கொப்பி இல்லயெண்டு ஆரும் உங்களத் திருப்பி அனுப்ப ஏலாதே."

பஸ்ஸில் வரும்போது அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்து, பையின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தேன். நான் வழி கேட்டேன். அல்லாஹ் வழியை யார் கையில் வைத்திருந்தான் பாருங்கள்.

அன்று பகல் மகளைக் கூப்பிடவில்லை. முன்னறைக்கு நானே போனேன். நவ்ஷாத் எழுந்து நின்றார். துண்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. முத்திரையைத்தான் பார்த்தார். அதன் வட்டம் வலது கீழ்ப் பக்கத்தில் உடைந்திருக்கும். மூன்று வருடத்துக்கு முன் அவர் கையிலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்து உடைந்த இடம் அது.

"இது என்ட முத்திர மாமா."

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் பெரிய விடயம் இது. கதிரையில் இருந்தார். வட்டம் உடைந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு சொன்னார்:

"வேல இல்லாமப் போச்சு எண்டுதான் அவர் சொன்ன. அதுக்குத்தான் நான் பொருந்தின. இத அவர் சொல்லவுமில்ல, நான் பொருந்தவுமில்ல."

முறைப்பாட்டில் என் பென்சில் புள்ளடிக்கு மேல் கையொப்பம் விழுந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. முதலில் ஹாஜியாரிடம் முகத்துக்கு முகம் சொல்ல வேண்டும், பின்னால் போய் எழுதக் கூடாது என்றார். "நீங்களும் வாங்க மாமா. ஆனா கதைக்காதீங்க."

மறுநாள் வியாழக்கிழமை போனோம். நான் கதைக்கவில்லை. வாழ்க்கையில் நான் பிடித்த நோன்புகளில் அதுதான் கடினமானது.

நவ்ஷாத் துண்டை மேசையில் வைத்தார். "ஹாஜியார், நான் பொருத்தம் தந்தது வேல போனதுக்கு. வேல போகல்ல. நான்தான் போனன். இதுக்கு நான் பொருத்தம் தரல்ல. நாளைக்கு முறைப்பாடு குடுக்கப் போறன். ஒங்களுக்குச் சொல்லாமச் செய்யக் கூடாதெண்டு வந்த."

ஹாஜியார் துண்டைப் பார்க்காமல் தஸ்பீஹ் மணியைப் பார்த்தார். "அது வேற பதவி தம்பி. கம்பியூட்டர் தெரிஞ்ச புள்ள ஒண்டு வேணுமெண்டுதான்..."

"அந்தத் தராசப் பூட்டக் கொழும்பில இருந்து வந்தவங்களோட ரெண்டு கிழம நிண்டு படிச்சது நானெல்லா ஹாஜியார்? அண்டைக்கு நான் எழுதி வெச்ச குறிப்புக் கொப்பியப் பாத்துத்தானே அவனும் படிச்சிருப்பான்?"

"சரி, சரி. அவசரப்படாதீங்க. அடுத்த கிழம இருந்து கதைப்பம்."

அடுத்த கிழமை! என் நாக்கு துடித்தது. சகோதரர்களே, இதை மட்டும் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தைக்காக ஆறு மாதம் காத்து நிற்காது. நல்ல மனதோடு "அடுத்த கிழமை" என்று சொல்கிறவரும், கெட்ட மனதோடு சொல்கிறவரும் உங்கள் காலக்கெடுவை ஒரே மாதிரித்தான் முடித்து வைப்பார்கள். முதலில் முறைப்பாட்டைப் பதியுங்கள். பிறகு ஆறுதலாகச் சமாதானம் கதையுங்கள்.

வெள்ளிக்கிழமை, ஒக்டோபர் முப்பத்தொன்று. தொழில் அலுவலகத்தில் எங்கள் முறை வரும்போது பதினொன்றேகால். கவுண்டரில் தம்பிலுவிலைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை, புதிய உத்தியோகத்தர். கோப்பைப் புரட்டினார்.

"நியமனக் கடிதத்தின்ட கொப்பிய மட்டும் காணல்லயே."

கோப்பை மூன்று தரம் சரிபார்த்தவன் நான். மூன்றாவது தரம் பார்க்கும்போது அந்தக் கொப்பியை வெளியே எடுத்து, என் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அதே நாள். அதே நேரம். அதே கொப்பி. கவுண்டரின் மறுபக்கத்தில் இந்த முறை நான். தீர்ப்பு வந்துவிட்டது என்றே நினைத்தேன். மனதுக்குள், "யா அல்லாஹ், எனக்குக் கிடைக்க வேண்டியதை என் மருமகனின் தலையில் இறக்கிவிடாதே" என்று மட்டும் கேட்டேன்.

அந்தப் பிள்ளை சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பள்ளிக்கு நேரமாகுதெல்லா ஐயா? இண்டைக்கு உங்களுக்குக் கடைசி நாள் போல கிடக்கு. நான் முறைப்பாட்ட இண்டைக்கே பதிஞ்சு இலக்கம் தாறன். கொப்பிய திங்கக்கிழம கொண்டு வாங்க."

முத்திரை குத்திய பற்றுச்சீட்டைக் கண்ணாடி இடைவெளியால் நீட்டினார். வாங்கினேன். அத்தனை பேருக்கு முன்னால் நின்று அழுதேன். மருமகன் பயந்துபோனார்.

"மாமா, சீனி கூடிட்டா? இரிங்க, இஞ்ச இரிங்க."

சீனி இல்லை என்று சொல்ல எனக்கு நேரமெடுத்தது. நான் பதினாறு வருடத்துக்கு முன் செய்திருக்க வேண்டியது இரண்டு நிமிட வேலை என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

இரண்டு கிழமையில் விசாரணைக்கான அழைப்பு இரு தரப்புக்கும் போனது. அழைப்புப் போன மூன்றாம் நாள் ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு வந்தார், தனியாக. நவ்ஷாத் எதிரில் கதிரை போட்டு இருந்தார்.

"நீங்க சொல்லிட்டுப் போன நாளில இருந்து தொழுகையில மனம் நிக்குதில்ல நவ்ஷாத். அந்தப் புள்ளைய வெக்கிறதெண்டு அந்தச் சாப்பாட்டுக்கு முதலே முடிவெடுத்திட்டன். மச்சினன் கேட்ட, மறுக்க ஏலாமப் போச்சு. அத மறைச்சு வெச்சுக்கிட்டு ஒங்கட சஹன்ல கைய வெச்சுப் பொருத்தம் கேட்டன். அதுதான் நான் செய்த பிழை. இப்ப தெரிஞ்சு கேட்கிறன்."

நவ்ஷாத் கதிரையை அவர் பக்கம் நகர்த்தினார். "இப்பப் பொருந்திட்டன்" என்றார்.

ஹாஜியார் வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார். பதினொரு வருடச் சேவை முறியாது என்றும் சொன்னார். இருவரும் கண் கலங்கி, கைகளைப் பற்றி முஸாபஹாச் செய்துகொண்டார்கள். நல்ல காட்சிதான். ஆனால் நான் பேசாமல் இருந்த நோன்பு வியாழக்கிழமையோடு முடிந்திருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ் ஹாஜியார்" என்றேன். "அத எழுத்தில தாங்க."

தந்தார். விசாரணை நாளில் அது இணக்கமாகப் பதியப்பட்டது. மச்சினனின் மகனை நிறுத்திவிடுவதாக ஹாஜியார் சொன்னபோது, வேண்டாம் என்று மறுத்தவர் நவ்ஷாத். அறுவடைக் காலத்தில் தராசுக்கு இரண்டு பேர் தேவைதானாம். நிறுத்துவதென்றாலும் முறைப்படி நிறுத்துங்கள் என்று நானும் ஒரு சொல் சேர்த்தேன். பையன் இப்போது அவருக்கு உதவியாக இருக்கிறான். கட்டார்ப் பயணச் சீட்டு இரத்தானது. உடைந்த வட்ட முத்திரை உரியவர் கைக்குப் போனது.

ஜனவரியில் எனக்குப் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரி வரந்தாவில் நவ்ஷாத் அவளை இரண்டு கைகளிலும் ஏந்தி, தொழும் திசையான கிப்லாவைத் தேடித் தடுமாறி, பிறகு சரியாகத் திரும்பி, வலது காதில் மெதுவாகப் பாங்கு சொன்னார். மகள் படுக்கையிலிருந்து என்னைப் பார்த்தாள். செப்டெம்பரில் அழாதவள் அன்று அழுதாள். நான் கேட்ட துஆவுக்குப் பதில் அந்தக் குரல்தான். அதைக் கேட்க என்னை உயிரோடு வைத்திருந்த இறைவனுக்கே எல்லாப் புகழும்.

நான் இப்போதும் தொழுகிறேன், அதே நேரத்துக்கு. கை ஏந்தும்போது மட்டும் தலைப்புப் போடுவதில்லை. முதலில் எனக்கு ஏலாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை அவன் பார்த்துக்கொள்கிறான். நவ்ஷாத்தும் இப்போது என்னோடு நேராகக் கதைக்கிறார். பெரும்பாலும் நான் பிழை என்று சொல்லத்தான்.

இதை வாசிக்கும் யாருக்காவது, உங்கள் பதவி ஒழிந்துவிட்டது என்று ஒரு தாளைக் கையில் தந்திருந்தால், மனம் உடையாதீர்கள். வெட்கப்பட்டு ரோட்டை மாற்றி நடக்காதீர்கள். வாசிக்காமல் எதிலும் கையொப்பமிடாதீர்கள். நீங்கள் இருந்த கதிரையில் பிறகு யார் இருக்கிறார் என்று பாருங்கள். ஆறு மாதத்தை எண்ணுங்கள். கையையும் ஏந்துங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, பிறகு அல்லாஹ்விடம் பொறுப்பை விட்டுத் தவக்குல் வைப்பதுதான் நமக்குச் சொல்லித்தந்த வழி. நான் வாழ்நாள் முழுவதும் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தவன். ஏந்தும்போது சம்பந்தமில்லாத ஒரு முகம் மனதில் வந்தால், தயவுசெய்து என்னைப் போல ஒரு கிழமை தள்ளிப் போடாதீர்கள். அந்த ஊருக்கு பஸ் எடுங்கள். செய்த பிழையை அதன் பெயர் சொல்லிப் பொருத்தம் கேளுங்கள்.

பேத்தியின் நாற்பதாம் நாளுக்கு உதுமாலெப்பை லொறியில் வந்திருந்தார். பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார். சாப்பிட்டார். போகும்போது வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், திங்கக்கிழமயப் பொருந்திட்டன். வெள்ளிக்கிழமய இன்னும் யோசிச்சுக்கிட்டிரிக்கன்."

மாதம் ஒரு முறை பாலமுனைக்கு பஸ் ஏறுகிறேன். அவர் தேத்தண்ணீர் தருகிறார். அந்த வெள்ளிக்கிழமைக்காக எனக்கு நீங்களும் ஒரு துஆச் செய்யுங்கள்.